எழுபத்து மூணா, எழுபத்தஞ்சா?

என்ன தம்பி, போன்ல கிரிக்கெட்டா? பொம்பளப் பிள்ளைக மேட்ச்சா? பாருங்க, பாருங்க. நான் தொந்தரவு பண்ணல. திருநெல்வேலி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கிடுதேன். பதில் சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் பாருங்க. முதல் உலகக் கோப்பை கிரிக்கெட் எந்த வருஷம் நடந்துச்சு?

எழுபத்தஞ்சு! சொன்னியளா! கையக் குடுங்க தம்பி. நாலு வாரமா பஸ்ஸுல, டீக்கடையில, முடி வெட்டப் போன எடத்துல, பாத்த ஆள்கிட்டயெல்லாம் கேட்டுட்டேன். உங்களோட அம்பத்தி நாலு பேரு. அதுல அம்பத்தி மூணு பேரு எழுபத்தஞ்சுன்னுதான் சொல்லுதாக. மிச்சம் ஒருத்தர் தெரியாதுன்னுட்டாரு. அவரு ஹாக்கி ஆளு. எங்க கோவில்பட்டியில பந்துன்னாலே ஹாக்கிப் பந்துதான், அதனால அவரக் கணக்குல சேக்க வேண்டாம்.

போன அணைச்சிட்டியளா? ஐயோ, பாருங்கன்னுதான சொன்னேன். சரி, கேக்கணும்னு தோணிட்டு, சொல்லுதேன்.

என் பேரு ஆவுடையப்பன். டெலிபோன் ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஆனா ஊருக்குள்ள வந்து வெறும் ஆவுடையப்பன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, குவிஸ் ஆவுடையப்பன்னு கேக்கணும். எங்க மனமகிழ் மன்றத்துல வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்னிக்குச் சாயங்காலம் வினாடி வினாப் போட்டி நடக்கும். பத்தொம்பது வருஷமா நான்தான் நடுவர். கேள்வியெல்லாம் என் கையால எழுதுனது. தப்பாப் பதில் சொன்னா மேசை மணிய ஒரு தட்டு தட்டுவேன். டிங்! அந்தச் சத்தத்துக்குப் பேங்க் மேனேஜர்கூட தலையக் குனிஞ்சிருவாரு. பத்தொம்பது வருஷத்துல என் தீர்ப்ப எதுத்து ஒருத்தர் வாயத் தொறந்ததில்ல. நான் தொறக்க விட்டதில்லன்னு எங்க வீட்டுல செண்பகவல்லி சொல்லுவா. அவ அப்படித்தான், எதையாச்சும் சொல்லிக்கிட்டே இருப்பா. அத விடுங்க.

போன நவம்பர்ல நம்ம பொண்ணுங்க உலகக் கோப்பைய அடிச்சாங்கல்லா? ரெண்டாயிரத்து அஞ்சுல பைனல் வரைக்கும் போயி தோத்தாச்சு, பதினேழுல ஒம்பதே ஒம்பது ஓட்டத்துல போச்சு, இந்தத் தடவ அடிச்சே புட்டாங்க. எங்க தெருவுல வெடி போட்டாக தம்பி! ஹாக்கி ஊர்ல! எனக்கு ஒரே சந்தோஷம். சரி, நம்ம பொண்ணுங்களக் கௌரவிக்கணும், பொங்கலுக்கு ஒரு கிரிக்கெட் கேள்வி போட்டுருவோம்னு முடிவு பண்ணுனேன். அப்படிப் போட்ட கேள்விதான் இப்ப உங்ககிட்டக் கேட்டது.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அந்தச் சமயத்துலதான் எங்க ஒத்தப் பையன் கதிரேசனுக்குப் பொண்ணு அமைஞ்சிருந்துச்சு. பொண்ணு பேரு சுபாஷிணி. பொண்ணுக்கு அம்மா பிரேமாவதி, எங்க ஊருத் தபால் ஆபீஸ்ல போஸ்ட் மாஸ்டர். மாத்தலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. நல்ல உயரம், நல்ல குரல். பூ வச்சாச்சு, தை கடேசி வெள்ளிக்கிழமை எங்க மன்றத்து ஹால்லயே நிச்சயதார்த்தம்னு நாளும் குறிச்சாச்சு. கதிரேசனுக்குக் காலு தரையில நிக்கல.

போட்டியில நாலு டீம். மின்வாரியம், கூட்டுறவு பேங்க், தீப்பெட்டி ஆபீஸ், தபால் ஆபீஸ். தபால் ஆபீஸுக்குக் கேப்டன் யாருன்னு நெனைக்கிய? எங்க சம்பந்தியம்மாவேதான். நான் மேடை ஏறும்போதே மின்வாரியத்து ஆளு ஒருத்தன் எனக்குக் கேக்கும்படியாச் சொல்லுதான், 'சம்பந்தி டீம் வந்துட்டு, கப்பு எங்க போகும்னு சொல்லவா வேணும்?' எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. பத்தொம்பது வருஷப் பேரு தம்பி! அதனால அன்னிக்கு ரொம்பக் கண்டிப்பா இருந்தேன். மத்தவுகளுக்குப் பத்து செகண்டு குடுத்தா தபால் ஆபீஸுக்கு ஏழு செகண்டு. நியாயம்னா நியாயமா இருக்கணும்ல?

அப்பவும் அந்தம்மா சளைக்கல. டக்கு டக்குன்னு பதில் சொல்லி, கடேசியில தபால் ஆபீஸும் தீப்பெட்டி ஆபீஸும் சமமா நிக்கி. ஒரே கேள்வி பாக்கி. தபால் ஆபீஸ் முறை. அட்டைய எடுத்தேன். 'முதல் உலகக் கோப்பை கிரிக்கெட் போட்டி நடந்த ஆண்டு எது?' கேட்டு வாய மூடல, 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூணு, இங்கிலாந்துல'ன்னாக. மொகத்துல அவ்வளவு சந்தோஷம். நான் டிங்குன்னு தட்டிட்டேன்.

'அண்ணாச்சி, நல்லாப் பாருங்க'ன்னு சொன்னாக.

'நடுவர் தீர்ப்பே இறுதியானது. அடுத்த டீம்'னுட்டேன். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை எழுபத்தஞ்சுன்னாரு, கப்பத் தூக்கிக் குடுத்தாச்சு. அதோட விட்டுருக்கலாம். மைக் கையில இருக்குதுல்லா? 'அம்மாவுக்கு ரெண்டு வருஷம் அவசரம், பந்து வாரதுக்கு முன்னாலயே மட்டைய வீசிட்டாக'ன்னேன். ஹாலே சிரிச்சுச்சு. நல்ல நகைச்சுவைதான தம்பி? முன் வரிசையில செண்பகம் மட்டும் சிரிக்கல. அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது, அதனால புரியலன்னு நெனைச்சுக்கிட்டேன்.

மறுநா காலையில போன். அந்தம்மா வீட்டுக்காரர் திரவியம். ரொம்ப சாதுவான மனுஷன், குரலே வெளிய வராது. 'அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. நிச்சயதார்த்தத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடலாமான்னு வீட்டுல கேக்கா'ன்னாரு. எனக்குத் திக்குன்னுச்சு. என்ன விஷயம்னு கேட்டேன். 'அவ சொன்ன பதில் சரியாம். அதே மேடையில, அதே மைக்குல, சரின்னு நீங்க சொன்னதுக்குப் பெறகு தட்டு மாத்துவோம்னு சொல்லுதா'ன்னாரு. 'நீங்க என்ன சொல்லுதிய?'ன்னேன். 'நான் என்னைக்கு அண்ணாச்சி சொல்லிருக்கேன்?'ன்னாரு. பாவம்.

நேரா லைப்ரரிக்குப் போனேன். நிரூபிச்சுக் காட்டிட்டாப் பிரச்சனை முடிஞ்சுதுல்லா? முதல் புத்தகம், எழுபத்தஞ்சு. ரெண்டாவது புத்தகம், எழுபத்தஞ்சு. பேசாம அதோட எந்திரிச்சு வந்திருக்கணும். அந்த லைப்ரரியன் பொண்ணு, 'சார், இது இன்னும் விவரமா இருக்கும்'னு தலகாணி தண்டிக்கு ஒரு புத்தகத்தக் கொண்டாந்து வச்சா. அதுல போட்டிருக்கான் தம்பி. எழுபத்து மூணுல இங்கிலாந்துல பொம்பளைக உலகக் கோப்பை நடந்திருக்கு. ஏழு டீமு. அறுபது ஓவர். இங்கிலாந்து ஜெயிச்சிருக்கு. ஆம்பளைக கோப்பை அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வந்திருக்கு. நான் மூணு தடவ படிச்சேன். அச்சுப்பிழையா இருக்கும்னு வேற பதிப்பு இருக்கான்னு கேட்டேன். இருந்துச்சு. அதுலயும் அப்படியேதான் இருக்கு.

வீட்டுக்கு வந்தேன். வெயில்ல வந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுக் கேக்கக் கூடாதா? செண்பகம் வாசல்லயே நிறுத்திட்டா.

'என்ன போட்டிருக்கு?'ன்னா.

'பெண்கள் போட்டி எழுபத்து மூணுல நடந்திருக்கு. ஆனா நான் கேட்டது உலகக் கோப்பை'ன்னேன்.

'அப்போ அவுக ஆடுனது எந்தக் கோப்பை?'

'பெண்கள் உலகக் கோப்பை.'

'அதுல உலகம் இருக்கா இல்லியா?'

'இருக்கு.'

'மொதல்ல நடந்துச்சா, பெறகு நடந்துச்சா?'

'மொதல்லதான்.'

'பெறகென்ன?'ன்னுட்டு உள்ள போயிட்டா. முப்பத்தோரு வருஷமா எங்கூட இருக்கா, அன்னிக்கு வரைக்கும் அவளுக்கு இப்படிக் கேள்வி கேக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாது.

நான் பிடிவாதக்காரன் இல்ல தம்பி. விட்டுக் குடுக்கத் தயாராத்தான் இருந்தேன். கதிரேசனக் கூப்பிட்டு, 'உன் மாமியார்கிட்டச் சொல்லு, அரை மார்க் தாரேன்'னேன். போனான், வந்தான். 'கிரிக்கெட்டுல அரை ஓட்டம் கெடையாதுங்காக அப்பா'ன்னான். சரி, அந்தக் கேள்வியவே ரத்து பண்ணிருதேன்னு சொல்லி அனுப்புனேன். 'கேள்வி நல்ல கேள்விதான, அத எதுக்கு ரத்து பண்ணணும்?'னு கேட்டு அனுப்புனாக. பெறகு ராத்திரியெல்லாம் யோசிச்சு, 'சிறந்த பங்கேற்பாளர்'னு ஒரு சான்றிதழ் அடிச்சு, கூட ரெண்டு கிலோ கடலைமிட்டாயும் வச்சு அனுப்புனேன். எங்க ஊரு கடலைமிட்டாய், சும்மாவா? மிட்டாய வச்சுக்கிட்டாக. சான்றிதழத் திருப்பி அனுப்பிட்டாக.

இப்படியே ரெண்டு வாரம் ஓடிட்டு. நிச்சயத்துக்கு அஞ்சு நாளுதான் இருக்கு. ஹாலு சொல்லியாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு, சாதி சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. கதிரேசன் வந்து என் முன்னால நின்னான். 'அப்பா, எனக்கு சுபாஷிணிய விட்டா வேற கல்யாணம் வேண்டாம். ஒரு வார்த்தைதான அப்பா?'ன்னான். இருபத்தொம்பது வயசுப் பையன், கண்ணு கலங்கி நிக்கான். பெத்த பிள்ளை கல்யாணத்த ஒரு மணிச் சத்தத்துல கெடுத்துட்டமேன்னு இருந்துச்சு. ஆனா பாருங்க, நம்ம பக்கமும் ஒரு நியாயம் இருக்குதுல்லா? மேடையில ஏறி நான் தப்புன்னு சொல்லிட்டா, பத்தொம்பது வருஷமா தட்டுன மணியெல்லாம் என்னாகும்? ஒவ்வொருத்தனும் பழைய கேள்வியத் தூக்கிக்கிட்டு வந்துருவான்.

கயத்தாறு வந்துட்டா? சரி. அன்னிக்குச் சாயங்காலமே சட்டைய மாட்டிக்கிட்டு நேரா அவுக வீட்டுக்குப் போனேன். பேசிப் பாத்துருவோம்னுதான். அந்தம்மா மொகம் கோணாம 'வாங்க அண்ணாச்சி'ன்னு உக்கார வச்சு, காபி போட்டுக் குடுத்தாக. பெறகு எதிர்ல உக்காந்து சொன்னாக, எனக்கு அப்படியே காதுல நிக்கி:

'எனக்குக் கப்பு வேண்டாம் அண்ணாச்சி. நான் பத்தொம்பது வயசுல ஸ்டேட் டீமுக்கு ஆடினவ. மட்டையப் பழைய சேலையில சுத்திக்கிட்டு, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில கக்கூஸ் பக்கத்துல உக்காந்து ஊர் ஊராப் போவோம். மடியில என்னன்னு கேட்டா, சாமி சிலைம்போம். அப்பத்தான் தள்ளி உக்காந்து எடம் விடுவாக. வேலைக்கு இன்டர்வியூவுல கிரிக்கெட் ஆடுவேன்னேன், சிரிச்சாக. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா வாய் தவறிச் சொல்லிட்டா, அங்கயும் சிரிச்சாக. எண்பத்தெட்டுல உலகக் கோப்பைக்கு இந்தியா டீமே போகல. எனக்கு அப்ப இருபத்தோரு வயசு, காட்டுத்தனமா அடிப்பேன். தொண்ணூத்து மூணுல டீம் போச்சு, அப்ப என் இடுப்புல மூத்தவன். அதெல்லாம் போகட்டும். உலகக் கோப்பைன்னு ஒண்ண மொதமொத ஆடுனது எங்க பொம்பளை இனம்தான்னு ஒரு வருஷம் இருக்கு பாருங்க, அந்த ஒண்ணத்தான் இத்தன வருஷமா நெஞ்சுக்குள்ள வச்சிருந்தேன். நீங்க கேள்வியக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துட்டு. கோவில்பட்டியில ஒரு மனுஷன் இதக் கேக்காரேன்னு நெனைச்சேன். அதுக்கும் மணிய அடிச்சிட்டியளே.'

காபி நல்லாருக்குன்னேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குள்ள ஒரு யோசனை வந்துச்சு. பிரமாதமான யோசனை, இப்பவும் சொல்லுதேன். நிச்சயத்தன்னிக்கு மேடையில கேள்விய மறுபடியும் கேப்போம். ஆனா 'முதல் பெண்கள் உலகக் கோப்பை'ன்னு கேப்போம். அவுக எழுபத்து மூணும்பாக, நான் சரிம்பேன், தட்டு மாத்திருவோம். அவுகளுக்கும் குறையில்ல, எனக்கும் குறையில்ல. செண்பகத்துகிட்டச் சொல்லல. சொன்னா மறுபடியும் நாலு கேள்வி கேப்பா.

வெள்ளிக்கிழமை ஹால் நெறஞ்சு போச்சு. ரெண்டு வீட்டு ஆளுகளும் எதிரெதிர்ல உக்காந்தாச்சு. நடுவுல வெத்தலை பாக்கு, பழம், பட்டுச்சேலைன்னு தட்டு வரிசை. மன்றத்து ஆளுக அம்புட்டுப் பேரும் பின்னால நிக்கான், அந்த மின்வாரியத்துக்காரன் உள்பட. ஓலை வாசிக்கப் பெரியவர் எந்திரிச்சாரு. 'ஒரு நிமிஷம்'னு மைக்க வாங்கிட்டேன். மணிய மேசையில வச்சேன். நல்லாத் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, 'முதல் பெண்கள் உலகக் கோப்பை கிரிக்கெட் போட்டி நடந்த ஆண்டு எது?'ன்னேன்.

பதில் வரல.

இந்தத் தடவ முழுசாப் பத்து செகண்டு குடுத்தேன் தம்பி. பதினஞ்சு, இருபதுன்னு போகுது. அந்தம்மா கையக் கோத்து மடியில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருக்காக. திரவியம் மேல ஃபேனப் பாக்காரு. நான் மறுபடியும் கேட்டேன். அப்பத்தான் வாயத் தொறந்தாக.

'அண்ணாச்சி, இந்தக் கேள்விய எங்கிட்ட யாரும் கேக்கலியே. அன்னிக்குக் கேட்டதக் கேளுங்க.'

கோவமே இல்ல தம்பி, சாதாரணமாத்தான் சொன்னாக. நான் செண்பகத்தத் திரும்பிப் பாத்தேன். அவ எங்க வீட்டுத் தட்டக் கையில எடுத்து மடியில வச்சுக்கிட்டா. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போறவ மாதிரி வச்சிருக்கா! கதிரேசனப் பாத்தேன். அவன் தலையே நிமிரல. அந்தப் பக்கம் சுபாஷிணி பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு, முந்தி நுனிய விரல்ல சுத்திக்கிட்டே இருக்கு.

சரின்னு கேட்டேன். அன்னிக்குக் கேட்டபடியே கேட்டேன். 'முதல் உலகக் கோப்பை கிரிக்கெட் போட்டி நடந்த ஆண்டு எது?'

அந்தம்மா எந்திரிச்சு நின்னாக. முந்தியச் சரி பண்ணிக்கிட்டாக. மைக்கே இல்லாம, கடேசி வரிசை வரைக்கும் கேக்கும்படியாச் சொன்னாக. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூணு. இங்கிலாந்துல. ஆடுனது பொம்பளைக.'

என் கை தன்னால மணிகிட்டப் போயிட்டு தம்பி. பழக்கம்! பாதியில பிடிச்சு நிறுத்துனேன். ஒரு முழுங்கு தண்ணி குடிச்சேன். பெறகு சொன்னேன். 'சரியான விடை.' அதோட நிறுத்தத்தான் நெனைச்சேன், என்னமோ அந்தம்மா நிக்கிற நிலையப் பாத்ததும் மேல வந்துட்டு. 'அன்னிக்குச் சொன்னதும் சரியான விடைதான். நான் அடிச்ச மணிதான் தப்பு.'

அந்தம்மா அழுதுட்டாக. எழுபத்து மூணுல அவுகளுக்கு ஆறு வயசு இருக்கும். அந்தப் போட்டியில இந்தியாவே ஆடல. யாரோ எங்கயோ ஆடுன ஆட்டத்துக்கு இவுக எதுக்கு அழணும்னு கேட்டா எனக்கு இன்னிக்கும் சொல்லத் தெரியல. செண்பகமும் சேந்து அழுதா. அவளுக்கு மட்டைய எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. பெறகு ஓலை வாசிச்சாக, தட்டு மாத்துனாக, வைகாசியில கல்யாணம்னு முடிவாச்சு. அதெல்லாம் நல்லபடியா நடந்துச்சு. நான் சொல்ல வந்தது அதுக்கு முன்னால வந்த கைதட்டலப் பத்தி.

அப்பா, என்ன கைதட்டல்! நான் சரின்னு சொல்லி முடிச்சதும் ஹாலே அதிருது. பின்னால நின்னவுக எல்லாம் விசிலு. மின்வாரியத்துக்காரன் நாற்காலி மேல ஏறி நின்னு தட்டுதான். பத்தொம்பது வருஷத்துல எனக்கு அப்படியொரு கைதட்டல் கெடைச்சதே இல்ல தம்பி. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. தப்ப ஒத்துக்கிட்ட பெரிய மனுஷனுக்கு ஊரு குடுக்கிற மரியாதைன்னு, மேடையோட முன்னால வந்து, ரெண்டு கையையும் தூக்கி எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

போட்டுட்டு நிமிந்து பாத்தா, ஒருத்தர்கூட என்னப் பாக்கல. மொத்த ஹாலும் அந்தம்மாவப் பாத்துத்தான் தட்டுது. எம் மவன் தட்டுதான், எம் பொண்டாட்டி தட்ட மடியில வச்சுக்கிட்டே தட்டுதா. நான் மட்டும் கும்பிட்டபடிக்கு நிக்கேன். கையக் கீழ எறக்குனா அசிங்கமாப் போயிரும்ல? அப்படியே பிரிச்சுத் தட்ட ஆரம்பிச்சேன். தட்டத் தட்ட, எனக்கும் நிறுத்த மனசு வரல தம்பி.